மதுவிடம் மட்டும் பாடிய பெட்டி

ஓசூர்,
22.6.1997

அன்புள்ள மதுவந்திக்கு,

ஆசீர்வாதம். அம்மா பருப்புப் பொடி டப்பாவோடு சேர்த்து அனுப்பிய கேசட் வந்தது. பொடி கொஞ்சம் சிந்தி கேசட்டின் பல்லுக்குள் போயிருந்தது. ஊதித் துடைத்துவிட்டுப் போட்டேன்.

முதலில் அம்மா வேறு யாருடைய கேசட்டையோ மாற்றி அனுப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என்னோடு அறையில் தங்கியிருக்கும் சதாசிவம் ஊரப்பாக்கத்துக்காரன், என் கம்பெனியில்தான் வேலை. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவன் பாதி முகத்தில் நுரையோடு வந்து நின்றான். "இன்னா மச்சான், கிடாரு அழுவுது?" என்றான். வாசிப்பது என் தங்கை என்றேன். "தங்கச்சியா? அப்ப நீ இன்னாத்துக்கு வாசிச்சிகினு கீற?" என்று கேட்டுவிட்டு, மீதி முகத்தை ஷேவ் பண்ணப் போய்விட்டான்.

நன்றாக இருக்கிறது, மது. அதைச் சொல்லிவிட்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் ஆம்ப்ளிஃபயரை என்ன செய்தாய்?

அதில் ஒவ்வொரு கம்பியையும் பற்ற வைத்தவன் நான். செங்கல்பட்டில் அந்த சினிமா கொட்டகையை மூடியபோது, ப்ரொஜக்டர் ரூமில் கிடந்த பழைய கண்ணாடி வால்வு செட்டைக் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கல்பாக்கம் வந்தேன். திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரையும் விடவில்லை. மறைமலைநகர் ஃபாக்டரியில் பார்ட்ஸ் வந்திறங்கும் பலகையில் பெட்டி அடித்தேன். 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி இன்னும் அதன் முதுகில் இருக்கும். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும் அதில்தான் வாசித்தேன். ஒரு நாளாவது இப்படிப் பேசியதா? அசெம்பிளியில் நிற்கிற பையன் மாதிரி சுத்தமாக, விறைப்பாக நின்றது. அப்பா ரிட்டயர் ஆனார், நீங்கள் மாமல்லபுரத்துக்குக் குடி போனீர்கள், நான் இந்த ஸ்டெபிலைசர் கம்பெனிக்கு வந்தேன். பெட்டி உன் கைக்கு வந்ததும் வாய் திறந்துவிட்டது.

ஸ்பீக்கரை மாற்றினாயா? வால்வு புதிதா? பின்பலகையைக் கழற்றிவிட்டாயா? கடற்காற்றில் ஸ்பீக்கர் காகிதம் இளகிவிட்டதா? எதுவானாலும் எழுது. முக்கியமாக, ஸ்டெபிலைசர் போட்டுத்தானே வாசிக்கிறாய்? அது இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஆன் பண்ணக்கூடாது என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்பா சனிக்கிழமை தவறாமல் நீ வாசிக்கும் ஹோட்டலுக்கு உன்னோடு வந்து முன்னால் உட்கார்ந்து கேட்கிறாராம். அம்மா எழுதியிருந்தாள். நான் வாசித்த காலத்தில் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

பத்ரி


மாமல்லபுரம்,
3.7.1997

அன்புள்ள அண்ணாவுக்கு, மதுவந்தி அநேக நமஸ்காரம்.

நலம். உன் கடிதத்தில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, பெட்டியின் நலத்தையே சொல்கிறேன். ஸ்பீக்கர் நீ வைத்ததுதான். வால்வு நீ செருகியதுதான். பின்பலகையில் நான்கு ஸ்க்ரூவும் இருக்கின்றன. கடற்காற்று எல்லாருக்கும் பொது, நம் வீட்டு மிக்ஸிக்கும் அதே காற்றுதான் அடிக்கிறது, அது ஒன்றும் பாடவில்லை. ஸ்டெபிலைசர் நம் வீட்டில் ராப்பகல் ஓய்வில்லாமல் உழைக்கிறது. அதைப் பற்றி நீ கவலையே படாதே.

எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். மெதுவாகத் தட்டினால் மெதுவாகப் பேசுகிறது. அழுத்தித் தட்டினால் உடனே கத்துவதில்லை. ஒரு கணம் உள்வாங்கி, அப்புறம் ஊஞ்சல் திரும்பி வருகிற மாதிரி எழும்பி வருகிறது. அந்த ஒரு கணத்தில் என் விரலுக்கு இடம் கிடைக்கிறது, அடுத்தது என்ன என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. தந்தியை வளைத்தால் ஸ்வரம் பாதியில் செத்துப் போகாமல் கூடவே வருகிறது. முழு பலத்தோடு வாசித்தால் ஓரத்தில் லேசாகக் கரகரக்கிறது, நிறையப் பாடிக் கட்டின குரல் மாதிரி. காதில் விழுவது பாதிதான் அண்ணா. மீதிப் பாதி கையில் தெரிகிறது. கேட்கிறவர்களுக்கு அது தெரியாது, வாசிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

ஹோட்டல் மேனேஜர் ராஜேந்திரன், "இன்னா பொட்டிம்மா அது? வெள்ளக்காரங்க சூப்பு ஆறிப் போறது கூடத் தெரியாம உக்காந்துகினு கீறாங்க" என்கிறார்.

ஒரு பெரிய செய்தி. போன வாரம் மெட்ராஸிலிருந்து லக்ஷ்மிநாராயணன் என்று ஒருவர் குடும்பத்தோடு வந்து தங்கினார். விளம்பரங்களுக்கும் டி.வி. சீரியல்களுக்கும் இசை அமைக்கிறவர், கோடம்பாக்கத்தில் சொந்தமாக ரெக்கார்டிங் தியேட்டர் வைத்திருக்கிறார். நான் வாசித்து முடித்ததும் வந்து, "இந்த சத்தம் எனக்கு வேணும்மா. என்கிட்ட கிடார் வாசிக்க நிரந்தரமா ஒரு ஆள் தேவை" என்றார். பொங்கல் கழிந்து ஜனவரியில் தியேட்டருக்கு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். அப்பா சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. அங்கே சரிப்பட்டு வராவிட்டால் மறு பேச்சுப் பேசாமல் பி.எட்.டுக்கு அப்ளிகேஷன் போட வேண்டும். சரி என்றேன். நாற்பது பெண்களுக்குப் புவியியல் நடத்தும் மதுவந்தி டீச்சரை நினைத்தாலே எங்காவது ஓடிப் போகத் தோன்றுகிறது. எனக்கு இருப்பது இந்த ஒரு வழிதான்.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

மது


ஓசூர்,
14.7.1997

மது,

சந்தோஷப்படவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் நடித்துப் பிரயோஜனம் இல்லை, சின்ன வயதிலிருந்தே என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய்.

'இந்த சத்தம் எனக்கு வேணும்' என்றாராமே அந்த மனிதர். எந்த சத்தம்? கல்லூரிக் கடைசி வருஷம் பரீட்சைக்குப் படிக்காமல் ஷாக் அடித்து ஷாக் அடித்து நான் கட்டிய சத்தம். எனக்கு வராமல் உன்னிடம் போய் உட்கார்ந்துகொண்டது. நீ எழுதியிருக்கிறாயே, ஒரு கணம் உள்வாங்கி எழும்புகிறது என்று, அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் அந்தப் பெட்டியையே செய்தேன். தட்டியவுடன் பளாரென்று அறைவது மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.

இங்கே என் மேனேஜர், "வோல்டேஜ் ஆடக்கூடாது பத்ரி, அதுதான் நம்ம பிழைப்பு" என்று தினம் காலையில் சொல்கிறார். ஆடாத வோல்டேஜ் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அறைக்கு வந்து உன் கேசட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். அது என்னுடையது.

பத்ரி


மாமல்லபுரம்,
9.11.1997

அண்ணா,

நமஸ்காரம் எல்லாம் இந்தத் தடவை கிடையாது.

வந்தாய். கங்கா ஸ்நானம் ஆன கையோடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் கூடத்தில் பெட்டியை இறக்கினாய். உன் கம்பெனியின் புத்தம் புது ஸ்டெபிலைசரை அட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து மாட்டினாய். வாசித்தாய். உன் முகம் விழுந்ததை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "நன்னாத்தானேடா இருக்கு" என்றாள், பாவம். அப்போதாவது விட்டாயா? சாயந்திரம்வரை இருந்து என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாயா? வேனைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாய்.

அப்பாவைக் கேட்டேன். "அவன் பண்ணினது, அவன் எடுத்துண்டு போறான். நடுவுல நான் என்ன சொல்றது?" என்று சொல்லிவிட்டார்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று லக்ஷ்மிநாராயணன் ஹோட்டலுக்குப் போன் பண்ணினார். "உங்க அண்ணா எனக்கு எழுதியிருந்தாரே, ஆம்ப்ளிஃபயர் அவர் செஞ்சதாமே, அவரும் வாசிப்பாராமே. நல்லதாப் போச்சு, அவரும் அன்னிக்கே வரட்டும்" என்றார். எனக்கு ரிசீவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எப்போது எழுதினாய்? என் பட்சணத்தைத் தின்றுகொண்டிருந்தபோதே அந்தக் கடிதம் போயிருந்ததா? உனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. இருக்கிற ஒரே நாற்காலியிலும் நீதான் வந்து உட்கார வேண்டுமா?

சனிக்கிழமை ஹோட்டலில் அவர்களுடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் வாசித்தேன். ராஜேந்திரன் வந்து, "இன்னாம்மா, சவுண்டு செத்துப் பூட்ச்சு?" என்று கேட்டார். அண்ணா எடுத்துப் போய்விட்டான் என்றேன். "கூடப் பொறந்ததே பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா முன்வரிசையில்தான் இருந்தார். பாதியில் பேப்பரைப் பிரித்துவிட்டார்.

மதுவந்தி


ஓசூர்,
20.11.1997

மதுவந்திக்கு,

ஆமாம், எழுதினேன். தீபாவளிக்கு முன்னாலேயே எழுதினேன். என் சத்தத்தை வைத்து நீ போகலாம் என்றால் நானும் போகலாம்.

ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்லு. பெட்டியிலிருந்து எதை எடுத்தாய்?

இங்கே கொண்டு வந்து தினமும் வாசித்துப் பார்க்கிறேன். அதே மரக்கட்டை. அறையில், மொட்டை மாடியில், மூலையில் வைத்து, கட்டிலின் மேல் வைத்து, எல்லா விதமும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திறந்து போட்டு ஒவ்வொரு பார்ட்டாகச் சோதித்தேன். எல்லாம் நான் பற்ற வைத்தபடியேதான் இருக்கிறது, ஒரு சூட்டுத் தழும்புகூடப் புதிதாக இல்லை. சதாசிவம், "பொட்டியில ஒண்ணும் இல்ல மச்சான், உனக்குத்தான் மண்டையில காத்து பூந்துகிச்சு" என்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. கேசட்டில் இருக்கும் சத்தம் பொய்யில்லை. நீ எதையோ எடுத்து வைத்துக்கொண்டுதான் பெட்டியைக் கொடுத்தாய். நான் கூடத்தில் வாசித்தபோது உன் முகத்தில் ஆச்சரியமே இல்லை, மது. நானும் உன் முகத்தைப் பார்த்தேன்.

என்ன எடுத்தாய்? எழுது.

பத்ரி


மாமல்லபுரம்,
27.11.1997

அண்ணா,

நான் எதையும் எடுக்கவில்லை. பெருமாள் சத்தியம்.

இன்ஜினியர் நீதான். கண்டுபிடி.

மதுவந்தி


ஓசூர்,
14.12.1997

மது,

கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஸ்டெபிலைசரையும் வெளியே அனுப்புவதற்கு முன் வேண்டுமென்றே லோ வோல்டேஜ் கொடுத்துச் சோதிப்போம். அதற்கு வேரியாக் என்று ஒன்று இருக்கிறது. தலையில் வட்டமான கைப்பிடி, பக்கத்தில் மீட்டர். கைப்பிடியைத் திருப்பினால் வோல்டேஜ் ஏறும், இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரில் ஏதாவது கோளாறா என்று பார்க்கப் பெட்டியையும் கிடாரையும் வேலைக்கே எடுத்துப் போயிருந்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் டெஸ்ட் பெஞ்சில் செருகி, பழக்கதோஷத்தில் கிடாரைத் தட்டினேன்.

மது, அது பாடியது. உள்வாங்கி, எழும்பி, நீ எழுதியிருந்தாயே, அப்படியே. என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. சதாசிவம் டிபன் டப்பாவோடு ஓடி வந்தான். "டேய், கேசட்டுல கீற சத்தம்டா." மீட்டரைப் பார்த்தேன். காலையில் யாரோ சோதனை செய்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். ஊசி நூற்றெண்பத்தைந்தில் நின்றது. வழக்கமான இருநூற்று முப்பதுக்கு ஏற்றினேன், பழையபடி மரக்கட்டை. இறக்கினேன், பாடியது. சைரன் ஊதி எல்லாரும் திரும்பி வரும்வரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். அந்த வால்வுகளுக்கு வயிறு நிறையப் போட்டால் விறைத்து நிற்கின்றன. கொஞ்சம் பட்டினி போட்டால்தான் வளைந்து கொடுக்கின்றன.

மாமல்லபுரத்தில் சாயந்திரம் ஏழு மணிக்கு என்ன ஆகும்? அத்தனை ஹோட்டலிலும் விளக்குப் போடுவார்கள், மோட்டார் போடுவார்கள், ஐஸ் ஃபாக்டரி ஓடும். நம் வீட்டு ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பற்றாது. ஊருக்கே லோ வோல்டேஜ். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. போதாக்குறைக்கு நான் ஸ்டெபிலைசர் வேறு போட்டு, 'இது இல்லாமல் ஆன் பண்ணாதே' என்று எழுதியும் ஒட்டினேன். என் கையாலேயே அதன் கழுத்தை நெரித்து வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு வந்தபோது என் பழைய ஸ்டெபிலைசர் ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. 'ராப்பகல் ஓய்வில்லாமல் உழைக்கிறது' என்று நீ எழுதியது இதைத்தானே?

உனக்குத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. கூடத்தில் நான் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது சமையலறை வாசலில் சும்மா நின்றாய். ஏன் சொல்லவில்லை?

இப்போது பெட்டியும் என்னிடம், சத்தமும் என்னிடம். வேரியாக்கை இரண்டு நாளைக்கு வெளியே கொண்டு போக மேனேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஜனவரியில் கோடம்பாக்கம் வருகிறேன். வாசிக்கிறேன்.

பத்ரி


மாமல்லபுரம்,
22.12.1997

அண்ணா,

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் நீ அதைச் சரி பண்ணியிருப்பாய்.

யோசித்துப் பார். 'அண்ணா, இங்கே லோ வோல்டேஜ், ஆனால் சத்தம் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்த பஸ்ஸில் இரண்டு ஸ்டெபிலைசரோடு வந்து இறங்கியிருப்பாய். வால்வு போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்று அப்பாவுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பாய். அவரும் தலையாட்டியிருப்பார்.

போன வருஷ மழைக்காலத்தில் ஃப்ரிஜ் உறுமிக்கொண்டே நின்று பால் திரிந்து போனது. "இந்தப் பொட்டி பாட்டுக்கு எதுக்குடி, பாலுக்குப் போடு" என்று அம்மா ஸ்டெபிலைசரைப் பிடுங்கிப் போய்விட்டாள். நான் நேரே சுவரில் செருகினேன். விளக்கு செம்பருத்தி நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. முதல் ஸ்வரத்திலேயே கையில் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் வாசித்தேன், இல்லை. சாயந்திரம் வாசித்தேன், வந்துவிட்டது. விளக்கு மங்க மங்க அது கனிந்தது. ஹோட்டலில் ஏ.சி.க்குத்தான் ஸ்டெபிலைசர், மேடைக்குக் கிடையாது. அது என் அதிர்ஷ்டம்.

வயிறு எரிகிறது என்று எழுதினாய். எனக்கு எரியவில்லை என்று நினைத்தாயா? உனக்குப் புது சைக்கிள் வந்தது, எனக்கு நீ விட்ட சைக்கிள். உனக்குக் கிடார் சொல்லிக்கொடுக்க மாஸ்டர் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். நான் அறைக்கு வெளியே உட்கார்ந்து மணிலாக் கொட்டை உரித்துக்கொண்டே கேட்டுக் கற்றுக்கொண்டேன். கிடாரும் நீ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன கல்கத்தா கிடார்தான். பெட்டியும் நீ விட்டுப் போனதுதான். அதற்குள் இருந்த அந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு முதலில் தெரிந்தது. நீ கழித்துவிட்டதாக இல்லாமல் எனக்கு வந்தது இந்த வீட்டில் அது ஒன்றுதான். அதையும் உனக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் வருத்தமில்லை.

நீ வா, வாசி. நான் கெஞ்சப் போவதில்லை. ஹோட்டல் டிரான்சிஸ்டர் பெட்டியை ராஜேந்திரன் ஒரு நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். அதோடு நானும் வருகிறேன். அப்பா பி.எட். அப்ளிகேஷன் வாங்கி வந்து ஷெல்ஃபில் வைத்துவிட்டார்.

மது


ஓசூர்,
21.1.1998

அன்புள்ள மதுவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் அன்று சாயந்திரமே பஸ் ஏறிவிட்டேன். லக்ஷ்மிநாராயணன் என்ன முடிவு சொல்கிறார் என்று கேட்கிற திராணி எனக்கு இல்லை.

நான் முதலில் வாசித்தேன். வேரியாக்கில் நூற்றெண்பத்தைந்து வைத்து, நான் கேட்க ஆசைப்பட்ட சத்தத்தோடு, என் பெட்டியில். நன்றாகத்தான் வாசித்தேன், இல்லையா? உன்னோடு வந்திருந்த அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். என் வாசிப்பை அவர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது போதும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சத்தம் அதேதான் சார். அந்தப் பொண்ணையும் இதே பெட்டியில வாசிக்கச் சொல்லுங்க" என்றார். நான் நகர்ந்து இடம் விட்டேனே, அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடு. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதே பெட்டி, இதே வோல்டேஜ், நீயும் என்னைப் போலத்தான் வாசிக்கிறாய் என்று காதால் கேட்டுவிட்டால் நிம்மதியாகத் திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன்.

தியேட்டர் ஏ.சி. நின்று நின்று ஓடியதில் மீட்டர் ஊசி ஆடிக்கொண்டே இருந்தது. யாராவது ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தரையில் நான் உட்கார்ந்தேன். நீ ஆரம்பித்தாய். அப்பாவின் மடியிலிருந்து பேப்பர் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என் பெட்டிக்கு என்னைத் தெரியும், உன்னைப் பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், அதை நான் எந்த மீட்டரில் பார்ப்பேன்? என் கையில் அந்தக் கைப்பிடி இருந்தது. கொஞ்சம் திருப்பினால் போதும், உன் சத்தம் மரக்கட்டை ஆகிவிடும், உனக்கு பி.எட்., எனக்கு நாற்காலி. ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது, ஏ.சி. மேல் பழி போட்டுவிடலாம். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. கடைசி வரைக்கும் ஊசியை நூற்றெண்பத்தைந்தை விட்டு நகர விடாமல் பிடித்து வைத்திருந்தேன். நீ வாசித்ததைவிட அது கஷ்டம்.

பெட்டியை உன்னிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வேரியாக் மட்டும் கம்பெனி சொத்து, கொண்டு வந்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று எழுது.

பத்ரி


மாமல்லபுரம்,
28.1.1998

அன்புள்ள அண்ணாவுக்கு, அநேக நமஸ்காரம்.

கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் மூன்று நாள், அதற்கப்புறம் மாதாமாதம். ஷெல்ஃபில் இருந்த அப்ளிகேஷனை எடுத்து அம்மா அரிசி டின்னுக்கு அடியில் போட்டுவிட்டாள். அப்பா அதைப் பார்த்தார். உன்னைப் பற்றித்தான் கேட்டார். "அவனும் நன்னாத்தான் வாசிச்சான், ஏன் சொல்லிக்காம போனான்?" என்றார். அதை உனக்கு எழுதும்படி அவர் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கடைசி வரைக்கும் நூற்றெண்பத்தைந்தை விட்டு நகரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நகர்ந்தது, அண்ணா.

இரண்டாவது தடவை நான் மேலே ஏறி அந்த நீண்ட ஸ்வரத்தைத் தொட்டபோது பெட்டி விறைத்தது. நான் மீட்டரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் விரலுக்கு இருந்த இடம் சட்டென்று போய்விட்டது, அது போதும். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் தாடை இறுகியிருந்தது, சின்ன வயதில் என் பட்டத்தின் நூலை அறுத்தபோது இருந்ததே, அதே முகம். எனக்குப் போக்கிடம் இல்லை. விட்டால் ஸ்வரம் அங்கேயே செத்துவிடும். விரல் வலிக்க வலிக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, உன் பேரை மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். அப்போது நீ இறக்கினாய். மெதுவாக, ரொம்ப மெதுவாக. கட்டையாக ஆரம்பித்த ஸ்வரம் என் கைக்குள்ளேயே இளகிக்கொண்டு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான்.

நீ போனதற்கப்புறம் லக்ஷ்மிநாராயணன் டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டார். மற்றதையெல்லாம் ஓட்டிவிட்டு அந்த இடத்தை மட்டும். "கல்லு மாதிரி ஆரம்பிச்சு கரைஞ்சு போறதே, இந்த இடத்தை எப்படிம்மா பண்ணினே? இதைத்தான் சீரியலோட டைட்டில்ல வைக்கப் போறேன். இதே மாதிரி இன்னொரு தடவை வருமா?" என்று கேட்டார்.

பெட்டியிடம் நீ தோற்றதைச் சொல்லவில்லை. நீ என்னைக் கவிழ்க்கப் பார்த்ததையும் சொல்லவில்லை. "அது எங்க அண்ணா பண்ணினது. அவர் இல்லாம வராது" என்றேன். "அப்போ அவரும் வரணும்" என்று உன் பேரையும் எழுதிக்கொண்டார்.

முதல் வாரம், வெள்ளி, சனி, ஞாயிறு. லீவு போட்டுவிட்டு வா. மேனேஜரிடம் கெஞ்சி வேரியாக்கை வாங்கிக்கொள். தரையில் உட்கார உனக்கு ஒரு மணை கொண்டு வருகிறேன். நான் நன்றாக வாசிப்பேன், அப்பா முன்னால்தான் உட்கார்ந்திருப்பார், உனக்கு வயிறு எரியும். எரியட்டும். அந்த நீண்ட ஸ்வரத்துக்கு நான் வரும்போது போன தடவை மாதிரியே திருப்பு.

இறக்க மட்டும் மறந்துவிடாதே.

மது